கழற்ற மறந்த வயர்

நான்கு மாடியும் படியேறிப் போனேன். லிப்ட் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. லிப்ட் மெக்கானிக்குக்கே அன்று லிப்டில் கால் வைக்கத் தைரியமில்லை. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சின்ன வயர் உண்டு. கதவு திறந்திருந்தால் லிப்ட் நகராது. சோதித்துப் பார்க்கும்போது மட்டும் மேலே மெஷின் அறையில் அந்த வயரை மாட்டி, கதவு மூடியிருப்பதாக லிப்டை ஏமாற்றுவோம். ஆளுக்கு ஒரு வயர். வேலை முடிந்தால் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு கட்டடத்தில் நான் கழற்ற மறந்தேன். ஆறாவது மாடியில் தாடி என்று நாங்கள் கூப்பிடும் என் கூட்டாளி, திறந்த கதவை நம்பிக் காலை வைத்தான். லிப்ட் கிளம்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழே அவன் கால் போயிற்று.

மறதியையாவது மன்னிக்கலாம். அடுத்து நான் செய்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பையில் கிடந்த உபரி வயரை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். விசாரணையில், "என்னுது இங்க இருக்கு சார். மாட்டியிருந்தது அவனோடது" என்றேன். காலைப் பறிகொடுத்தவனையே குற்றவாளியாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சூப்பர்வைசர் ஆனேன்.

பிறகு குடி. போன வருடம் மனைவி இழுத்துக்கொண்டு போன சபையில் ஆண்டவர் என்னைப் பிடித்தார். குடியை விட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன். வரும் ஞாயிறு சபையில் எல்லார் முன்னாலும், ஆண்டவர் என்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நான்கு நாள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் கால் குறுக்கே வந்து நின்றது. இவ்வளவு இரக்கம் காட்டியவரிடம் பாதிக் கதையைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சொன்னா வேலை போயிடும். ஜெயில்கூட வரலாம்" என்றேன் மனைவியிடம்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

கதவைத் திறந்தது தாடியின் மனைவி. முன்பெல்லாம் வாய் நிறைய அண்ணே என்பவள். இப்போது, "என்ன வேணும்?" என்றாள்.

தாடி ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வயர் என்னுதுடா."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்" என்றான்.

அவள் உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். உள்ளே ஒரு வயர்.

"ஆஸ்பத்திரியில சட்டையோட சேர்த்துக் குடுத்தாங்க. இவரு கழுத்துல இருந்துச்சாம்" என்றாள்.

ஒன்பது வருடமாக என் குடுமி இவர்கள் கையில் இருந்திருக்கிறது.

"ஏண்டா இதைக் காட்டல?"

"காட்டத்தான் நெனச்சேன். உன் வீட்டுக்காரி அப்ப ஏழு மாசம். பொறக்கட்டும்னு தள்ளிப்போட்டேன். பொறந்தப்புறம் மனசு வரல" என்றான் தாடி. "அதுக்காக என்னை நல்லவன்னு நெனச்சுடாத. நீ நாசமாப் போகணும்னு மூணு வருஷம் தினம் ஜெபம் பண்ணேன். ஆண்டவர் காதுலயே போட்டுக்கல. எனக்கு எத்தனையோ மன்னிச்சவரு, நான் ஒண்ணையே கட்டிக்கிட்டு அழறேனேன்னு ஒருநாள் தோணிச்சு. அப்புறம் நீ வரணும்னு கேட்க ஆரம்பிச்சேன். நாலு மாடி ஏற உனக்கு ஆறு வருஷம் ஆயிருக்கு."

"இவருக்கு மன்னிக்க முடிஞ்சுது. எனக்கு இன்னும் முடியல" என்றாள் அவள். அவள் சொன்னது நியாயம்.

அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை தவறான எண்ணை அழுத்தினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார்.

"தெரிஞ்சுதான் சார். அவன் மேல எழுதினதை மாத்துங்க."

"இப்பவே ஆபீசுக்கு வாங்க. அந்த வயரும் வேணும்."

போனை வைத்தேன். என் மகளின் முகம்தான் முதலில் வந்தது.

தாடி செயற்கைக் காலை மாட்டி அதன் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். "நானும் வர்றேன். உன்னைத் தனியா அனுப்பினா எதையாவது மறந்துட்டு வருவே."

அவன் மனைவி பையை எடுத்து அவனிடம் நீட்டப் போனாள். பிறகு கை திரும்பி என்னிடம் வந்தது. "தொலைச்சுடாதீங்க" என்றாள்.

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். தாடி லிப்ட் பட்டனை அழுத்தினான். கதவு திறந்தது. என் கால் அசையவில்லை.

அவன் திறந்த கதவுக்குள் செயற்கைக் காலை முதலில் வைத்தான். உள்ளே போய்த் திரும்பி நின்று, என் பக்கம் கையை நீட்டினான்.

"வாடா" என்றான்.