கவிதாவைக் கேட்காத விதி

வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த வாரமே கவிதாவை ஐடிஐயை விட்டு நிறுத்திவிட்டார்கள். செஞ்சிக்கு வெளியே இருந்த தனியார் ஐடிஐ அது. எலக்ட்ரீஷியன் பிரிவில் அவளுக்குக் கடைசி வருஷம். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"படிக்கும்போது கர்ப்பமானா பேரை நீக்கிடணும்னு ஒழுங்கு விதி இருக்குதும்மா. சேரும்போது கையெழுத்து போட்டிருக்கியே" என்றார் முதல்வர் அரங்கநாதன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் புருஷன் நெடுமாறன் மேல்மலையனூர் மினிபஸ் டிரைவர். விஷயம் கேட்டதும் கொதித்துப்போனான்.

"நான்தானே மாமா கையெழுத்து போட்டேன்" என்றாள் கவிதா.

"அதனால இன்னா? நீ திருடுனியா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, செஞ்சி கோர்ட்டில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்கு அவளைக் கூட்டிப்போனான். வக்கீல் ரஞ்சனி முதலில் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நேரத்துக்கு வா, ஷூ போடுன்னு காலேஜ் விதி போடலாம். ஆனா சட்டத்துக்கு ஒவ்வாத விதி, நீ கையெழுத்து போட்டாலும் செல்லாதும்மா. அதோட, நீக்கறதுக்கு முன்னாடி உன் பதிலைக் கேட்டிருக்கணும். கேட்டாங்களா?"

"இல்ல மேடம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

இதுவரை யாரும் கவிதாவைக் கேட்காத கேள்வி. "ஏணி ஏற மாட்டேன், டாக்டர் சொல்றபடி நடந்துக்குவேன், பரீட்சை மட்டும் எழுத விடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"வா, அதை உங்க முதல்வர்கிட்டயே சொல்லு."

முதல்வர் அறையில் ரஞ்சனி சட்டத்தைச் சொன்னாள். கவிதா தன் பதிலைச் சொன்னாள். அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஷாக் கீக் அடிச்சா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம்மா. எனக்கும் பொண்ணு இருக்குது" என்றார்.

"பயமா இருந்தா பாதுகாப்பு குடுங்க சார். வெளியே அனுப்பாதீங்க" என்றாள் ரஞ்சனி.

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நிர்வாகிக்கு போன் போட்டார். அந்த வாரமே விதியை எடுத்துவிட்டு, கவிதாவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

செய்முறைத் தேர்வன்று, கவிதா உட்கார்ந்தபடியே வேலை செய்ய வசதியாக ஒயரிங் போர்டைத் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். கூடப் படிக்கும் பையன்கள் முந்தின நாளே வந்து செய்த வேலை.

சாயங்காலம் ஐடிஐ வாசலில் நெடுமாறன் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தான்.

"லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது மாமா" என்றவள், நடுரோடு என்றும் பார்க்காமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.