குருவிக்கு எண்ணத் தெரியாது

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளுக்குத் தெரு வைத்த பெயர் குருவியம்மா. இருபத்தாறு வருடமாக, விடுமுறை என்றால் கேமராவும் கழுத்துமாகப் பறவைகளின் பின்னால் திரிந்தவள். ஐம்பது வயதில் மூன்று மாதம் விடுப்புப் போட்டு, வீட்டு முன்னறையில் ஆட்களைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ திறந்தாள். விடுப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு தீர்கிறது. அதற்குள் தொழில் கைகூடாவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டுப் பழையபடி சோதனைக்குழாய் கழுவப் போக வேண்டியதுதான்.

கைகூடவில்லை. குருவி கலைந்துவிடாதிருக்க மூச்சை அடக்கி, வாய் திறக்காமல் காத்திருந்தே பழகியவள் மனிதர்களிடமும் அப்படியே இருந்தாள். வந்தவர்கள் விறைத்துப்போய் உட்கார்ந்தார்கள்.

"உன் எதிர்ல உக்காந்தா பரீட்சை எழுத வந்த மாதிரி இருக்கு," என்றார் பக்கத்து அறையில் தையல் மெஷின் மிதிக்கும் கணவர்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கேட்டாளாம், 'அப்பா முறைக்காம ஒரு போட்டோ' என்று. பதினெட்டுப் படத்திலும் முறைத்தார்.

"எனக்கு வாய்ச்ச மூஞ்சி இவ்வளவுதாம்மா. விட்டுடுங்க."

அவளுக்கு ஏரிக்கரை நினைவு வந்தது. படம் எடுக்க ஒளிந்து உட்காரும் மறைப்புக்குள் ஆள் போவதைப் பார்த்தால் பறவை கூட்டுக்குத் திரும்பாது. இரண்டு பேராகப் போய் ஒருவர் வெளியே வந்து நடந்தால் திரும்பிவிடும். அதற்கு எண்ணத் தெரியாது. அப்படி நடந்துபோகிறவர் எப்போதும் கணவர்தான்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

கேமராவோடு இருவரும் கறுப்புத் திரைக்குப் பின்னால் போனார்கள். ஒருவர் மட்டும் வந்தார்.

"வேற லென்ஸ் தேடுறா சார். இந்த வீட்ல ஒண்ணைத் தேடினா ஒம்பது கிடைக்கும், தேடினது மட்டும் கிடைக்காது. பொண்ணு எப்படி இருக்கா?"

"அவளா? நேத்து போன்ல, 'மாத்திரை போட்டியாப்பா'ன்னு மிரட்டுறா. ஊருக்கே மாத்திரை குடுக்குறவன்யா நான்!"

திரை இடுக்கில் 'கிளிக்' என்றது. அவர் திடுக்கிட்டார்.

குருவியம்மா கூனிக்குறுகி வெளியே வந்தாள். "தப்புதான் சார். பிடிக்கலன்னா இப்பவே அழிச்சிடறேன்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவின் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"அவகிட்ட பேசுறப்ப நான் இப்படியா இருக்கேன்?" குரல் இறங்கிப்போயிருந்தது. "அழிச்சிடாதீங்கம்மா."

மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். இனி அந்தத் தந்திரம் செல்லாது என்று குருவியம்மா கவலைப்பட்டாள். மனிதர்களுக்கு எண்ணத் தெரியுமே.

ஞாயிறு காலை ஒரு குடும்பமே வந்து இறங்கியது. கடைக்குட்டி நேரே திரையை விலக்கிப் பார்த்து, "உள்ள யாரும் இல்ல!" என்று கத்த, மெஷினுக்குப் பின்னாலிருந்து கணவர், "நல்லா எண்ணிப் பாரு!" என்றார். அத்தனை பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

அவள் எடுத்துவிட்டாள்.

திங்களன்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள், கையில் ராஜினாமாக் கடிதத்தோடு.