அடையாளம்: நீலத் துணி

அருளப்பு சிரட்டைக்கரியை அம்மியில் கொட்டியதும் மனைவி மேரிறோஸ் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ, அது நான் சம்பல் அரைக்கிற அம்மி!"

"நாளைக்குக் கறுத்தச் சம்பல் சாப்பிடுவம்."

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் அம்மா வீட்ட போறன்."

வாசல் படலையடியில் நின்ற சிவபாதம் சிரித்தார். அவர் கையில் உழவு இயந்திரத்தின் ஸ்ரியறிங் வளையம் இருந்தது. சரவணையிலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் அதைச் சைக்கிள் ஹான்டிலில் கொழுவிக்கொண்டு வந்திருந்தார். வழியில் கண்டவர்களெல்லாம் மிச்ச மிசின் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

"வாங்கோ சிவபாதண்ணை. கையில என்ன கட்டு?"

"உதுதான் கடிச்சது." சிவபாதம் ஸ்ரியறிங்கைக் காட்டினார்.

ஸ்ரியறிங்கைச் சுற்றி வெகுநாளாகக் கட்டியிருந்த நீலச் சாரத்துண்டை அருளப்பு அவிழ்த்தான். கறுப்பு வளையத்தில் ஏழு இடத்தில் வெடிப்பு. வலப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து உள்ளே இருந்த இரும்புக்கம்பி துருவோடு தெரிந்தது.

சிவபாதம் சரவணைக் கிணற்றில் தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, மிசினில் இழுத்துப் பாலம் கடந்து, இறுப்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். குடிக்க அங்கே வேறு தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை பாலத்து வளைவில் வளையத்தின் அந்தப் பகுதி கையோடு கழன்று, கம்பி கையைக் கிழித்தது. தாங்கியின் சில்லு ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. இறுப்பிட்டியில் வாளியோடு நின்ற பெண்கள் தண்ணீர்க் குழாயில் இரத்தத்தைக் கண்டு சத்தம் போட்டார்கள். தண்ணீருக்குப் பொறுப்பான கூட்டுறவுச் சங்கத்து மனேச்சர் வந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலையில் திருத்திய மிசினோடு வராவிட்டால் தண்ணீர் ஏற்றும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். சிவபாதத்துக்கு வேறு வருமானம் இல்லை.

சண்டையால், யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் ஏ-ஒன்பது பாதை பூட்டி ஒரு வருடமாகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் புது ஸ்ரியறிங் இல்லை.

அருளப்பு வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டுகிறவன். அரைப் போத்தல் றெசின் பசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுதான் கடைசி. வள்ளத்துக்கெண்டு வைச்சிருந்தன். வள்ளத்தைத்தான் நேவிக்காரர் கடலுக்கு விடுறாங்களில்லையே. மிசினாவது ஓடட்டும்."

ஒவ்வொரு வெடிப்பையும் அரத்தால் அகலமாக்கினான். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, வெயிலில் காயவைத்தான். கரித்தூளைத் துணியில் அரித்து றெசினோடு குழைத்தான். பிறகு இறுகவைக்கும் மருந்தில் பதினைந்து துளி எண்ணி விட்டான்.

"கெதியா, கெதியா. இது கலியாணப் பொம்பிளை மாதிரிக் காத்திருக்காது."

"நான் எட்டு வருசம் காத்திருந்தனான்," என்றாள் மேரிறோஸ் உள்ளேயிருந்து.

முதல் பூச்சு இறுகிய பிறகு இரண்டாவது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து மூன்றாவது. பிறகு தேய்ப்பு. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மெல்லிய தாளைத் தண்ணீரில் நனைத்து. பெயர்ந்த இடத்தில் அருளப்பு கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தான்.

"பிடியுங்கோ பாப்பம். பெருவிரல் எங்க வரும்?"

சிவபாதம் கட்டுப்போட்ட கையால் பிடித்துக் காட்டினார். அருளப்பு அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டான். அரைமணி நேரம் அதையே தேய்த்தான். பெருவிரல் அமர ஒரு சின்னக் குழி வந்தது. வள்ளத்துக்கு இலக்கம் எழுதும் கறுப்புப் பெயின்ரை இரண்டு தரம் அடித்தான். காய்ந்ததும் வளையத்தின் பளபளப்பில் முற்றத்து வேப்பமரம் தெரிந்தது.

"கூலி என்ன தரோணும்?"

"இறுப்பிட்டியில என்ர மாமி இருக்கிறா. அவவுக்குக் கூடுதலா ஒரு வாளி ஊத்துங்கோ. என்னை ஏசுறதாவது குறையும்."

நீலத் துண்டை மேரிறோஸ் எடுத்துக்கொண்டாள். சுடுபானை இறக்கத் துணி வேண்டுமாம்.

திங்கட்கிழமை விடிய ஸ்ரியறிங்கைப் பூட்டி, தாங்கியை நிரப்பிக்கொண்டு சிவபாதம் புறப்பட்டார். வாயில் பாட்டு ஒன்றும் வந்தது. பாலத்து வாசலில் இராணுவக் காவல்தடை. தினமும் காணும் இளம் சிப்பாய்தான். ஸ்ரியறிங்கைத் தடவிப் பார்த்து, "ஐயா, நல்ல வடிவு" என்றான். பிறகு இராணுவம் மிசினுக்குக் கொடுத்திருந்த அனுமதிப் பாஸை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது.

உப்புக்காற்றில் இலக்கத்தகடு அரித்துப்போனதால், பாஸ் எழுதியவர் அடையாளம் என்ற இடத்தில் 'ஸ்ரியறிங்கில் நீலத் துணி' என்று எழுதி, படமும் ஒட்டியிருந்தார்.

"துணி இல்ல. இது வேற மிசின்."

"தம்பி, ஒவ்வொரு நாளும் வாறன். நான்தானே?"

"ஐயா அதே ஐயா. மிசின் வேற."

"அப்ப என்ன செய்ய?"

"புதுப் படம், புதுப் பாஸ். ஒரு மாசம்." குரலைத் தாழ்த்தினான். "இல்லாட்டித் துணி கட்டிக்கொண்டு வாங்க. பெரியவர் படத்தைத்தான் பாக்கிறது."

தாங்கியை வீட்டில் விட்டுவிட்டு, துணியைத் தேடிச் சிவபாதம் ஊர்காவற்றுறைக்குச் சைக்கிளை மிதித்தார். கதையைக் கேட்ட அருளப்பு அம்மியில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தான்.

"உதில இருக்காதேங்கோ, சம்பல் இப்பவும் கறுப்பாத்தான் வருது," என்ற மேரிறோஸ் கொடியிலிருந்து துணியை எடுத்துவந்தாள். சவுக்காரம் போட்டுத் தோய்த்ததில் அது வெளிறியிருந்தது.

"படத்தில துணி நல்ல ஊத்தை," என்றார் சிவபாதம்.

அருளப்பு பழைய இஞ்சின் ஒயில் கொண்டுவந்தான். இருவரும் நிலத்தில் குந்தியிருந்து துணியில் ஒயிலைத் தேய்த்து, மண்ணில் புரட்டினார்கள்.

"நான் தோய்ச்சதை ரெண்டு ஆம்பிளையள் இருந்து ஊத்தையாக்கிறியள். இதுக்கும் ஒரு படம் எடுக்கோணும்," என்றாள் மேரிறோஸ்.

செவ்வாய்க்கிழமை காலை சிவபாதம் துணியைச் சுற்றினார். பெருவிரல் குழியை மட்டும் மூடாமல், முடிச்சை இடப்பக்கம் போட்டார். கை நன்றாக அமர்ந்தது.

சிப்பாய் பாஸை ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் பிடித்து மாறிமாறிப் பார்த்தான். பின்னால் அவன் சொன்ன பெரிய அதிகாரி நின்றார். சிப்பாய் கையை எட்டி, துணியை இழுத்துத் திருப்பினான்.

"படத்தில முடிச்சு இந்தப் பக்கம்."

முடிச்சு வலப்பக்கம், குழிக்கு மேலே வந்தது. அதை நன்றாக இறுக்கிவிட்டு, திரும்பப் படத்தைப் பார்த்து, சிரித்து, தடைத் தடியை உயர்த்தினான்.

பாலத்துக்கு அப்பால் வாளிகள் வரிசையில் இருந்தன. யாரோ கையைக் காட்டினார்கள். அதே வளைவு வந்தபோது சிவபாதத்தின் பெருவிரல் குழியைத் தேடியது. ஒயில் ஊறிய முடிச்சில் அது வழுக்கியது.