பயற்றங்கன்றுகள் கண்ட வெளிச்சம்

அஸீபாவின் உடம்பிலிருந்து வெளிச்சம் வருகிறது என்பதை முதலில் கண்டவை, தோட்டவெளி என்ற ஊரில் ஒரு பின்னறைக்குள் இருந்த நூற்றியிருபது பயற்றங்கன்றுகள். மனிதர் எவருக்கும் அது தெரியவில்லை. எருக்கலம்பிட்டியில் அவளைப் பெற்று வளர்த்த ஹவ்வா உம்மாவுக்கே முப்பத்தொரு வருடமாகத் தெரியவில்லை. இது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் நடந்தது. எரிபொருள் இல்லையென்று பல்கலைக்கழகத்தை மூடிவிட, அஸீபா கலாநிதிப் பட்டத்துக்கான தன் ஆய்வைத் தட்டுகளோடும் குப்பிகளோடும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தாள். உம்மாவின் வீட்டில் எல்லா அறைக்கும் யன்னல் இருந்தது. அதனால், மீன்பிடிக்காரர் அமிர்தநாயகமும் மனைவி பெற்றிசியாவும் வலை வைத்திருந்த யன்னலில்லாத பின்னறையை வாடகைக்கு எடுத்தாள்.

செடியின் கலத்துக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வாய்மூடிக் கிடக்கின்றன. சிவப்பு வெளிச்சம் பட்டதும் அவற்றில் சில விழித்துக்கொண்டு, பச்சையம் செய், இலையை விரி என்று கட்டளையிடத் தொடங்குகின்றன. எவை விழிக்கின்றன, எத்தனை நிமிடத்தில் என்பதுதான் அஸீபாவின் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, வெளிச்சத்தையே காணாத கன்றும் வேண்டும். அப்படிப்பட்ட கன்று வெளிறி, நெட்டையாக, தலை குனிந்து நிற்கும். அந்த வருடம் நாட்டில் எதற்குத் தட்டுப்பாடு இருந்தாலும் இருட்டுக்கு இருக்கவில்லை. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வீடு தேடி இலவசமாக வந்தது. ஆனால் அஸீபா மாதிரி வெட்டக் கத்தரிக்கோலோடு உள்ளே போனால் போதும், கன்றுகள் தலை நிமிர்ந்து இலை விரித்து, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றன.

அவள் கதவிடுக்கைக் கறுப்புப் பொலித்தீனால் அடைத்தாள், சாவித்துவாரத்துக்கு மெழுகு வைத்தாள், கன்றுகள் அவ்வளவாகக் கவனிக்காத மங்கல் பச்சை விளக்கைக்கூட அணைத்துவிட்டுத் தடவித் தடவி வேலை செய்தாள். பேராசிரியருக்கு எழுதியபோது, கதவைச் சரியாக மூடவும் என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து, மீண்டும் மூடவும் என்று வந்தது. மாணவர்கள் வரும்போது கதவை மூடுவதில் அவருக்கு நாற்பது வருட அனுபவம் இருந்தது.

அஸீபா காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் பெற்றிசியாதான் தண்ணீர் விட்டாள். அந்த வாரம் முழுவதும் ஒரு கன்றுகூட நிமிரவில்லை.

"நான் ஒண்டும் செய்யேல்ல பிள்ளை. போனன், தண்ணி விட்டன், வந்திட்டன். நீங்கள் போனால்தான் அதுகள் எழும்புதுகள். வெளிச்சம் உங்களில இருந்துதான் வருது."

"என்னில இருந்தோ அன்ரி?"

"ஓம். இதுக்கேன் அழுறியள்?"

அஸீபா கணக்குப் போட்டுப் பார்த்தாள்: அறுநூற்றறுபது நனோமீற்றர், சுத்தமான சிவப்பு. பேராசிரியர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. அந்த அலைநீளம் ஏற்கெனவே அறியப்பட்டதுதான் என்று எழுதினார். வீட்டுக்காரி வெட்டித் தரலாமா என்று கேட்டதற்கு, மாதிரிகளை மாணவர் தன் கையாலேயே எடுத்துக் கையொப்பமிட வேண்டும் என்ற விதியை இணைத்து அனுப்பினார். வரும் மார்ச் முப்பத்தொன்றோடு அவளுடைய பதிவு முடிகிறது, அதன்பின் ஆறு வருட உழைப்பும் வீண் என்பதையும் அன்போடு நினைவூட்டினார்.

பெப்ரவரியில் அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பாடசாலையில் படிப்பிக்கப் போகலாம், உமது அறிவுக்கு அது போதும் என்றிருந்தது. அஸீபா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, தட்டுகளைக் கொட்டிவிட்டு வருவோம் என்று அறைக்குள் போனாள். பச்சை விளக்கில் பார்த்தால் நூற்றியிருபதும் தலை குனிந்து நின்றன. அவள் உள்ளே இருந்தும், முதல் தடவையாக இருட்டு இருட்டாக இருந்தது. நெஞ்சு நிறைந்த சந்தோஷத்தோடு கத்தரிக்கோலை எடுத்தாள். அவ்வளவுதான், நூற்றியிருபதும் நிமிர்ந்துவிட்டன. அந்த அறைக்குள் போன ஒவ்வொரு முறையும், இன்றைக்குச் சரிவரும் என்று தான் நம்பியிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பாமல் வெட்ட வேண்டும். வெட்டிப் பாதுகாப்புத் திரவத்தில் போட்டுவிட்டால், பிறகு எவ்வளவு சந்தோஷப்பட்டாலும் பரவாயில்லை.

மார்ச்சில் பெற்றிசியா மூடிய கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, பேராசிரியரின் மின்னஞ்சல்களை, கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், செபமாலை சொல்லும் ராகத்தில் உரக்க வாசித்தாள். உள்ளே அஸீபா குனிந்த தலைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். பரிசோதனையை மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. மின்னஞ்சல்கள் முப்பது முறைக்குப் போதும். இரண்டாம் முறை மட்டும் பெற்றிசியா பொறுக்கமாட்டாமல், "இந்த மனுசனுக்கு என்ன தெரியும்? நீங்கள் கெட்டிக்காரி பிள்ளை!" என்று சொல்லிவிட்டாள். அந்தத் தட்டு முழுவதும் பாழாகிப் போனது. பெற்றிசியா மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலாவது மின்னஞ்சலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஆய்வேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில், மாதிரி எடுக்கும்போது ஆய்வாளர் பேராசிரியரின் மின்னஞ்சல்களால் நம்பிக்கையிழந்த நிலையில் பேணப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. பரீட்சகர் ஒருவர், மூன்று முறையும் அதே பேராசிரியர்தானா என்று கேட்டார். அதே பேராசிரியர்தான் என்று அஸீபா சொன்னதும் சரி போட்டுவிட்டார். பேராசிரியர் பக்கங்களின் ஓரத்தை அரை அங்குலம் அகலமாக்கச் சொன்னார்.

அந்த வாய்மொழிப் பரீட்சை நடந்த நாள் பின்னேரம், மிஞ்சியிருந்த தட்டுக்குத் தண்ணீர் விடப் போன பெற்றிசியா, இருட்டுக்குள் கையால் தடவிப் பார்த்தாள். அத்தனையும் நிமிர்ந்து இலை விரித்திருந்தன. அஸீபா அப்போது இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தாள். தூரத்தைப் பற்றி ஆய்வேட்டில் ஒன்றும் இல்லை. பெற்றிசியா கையைத் துடைத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்கு அழைத்து, பிள்ளை பாஸ் என்றாள். அஸீபாவின் அழைப்பு வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார் ஹவ்வா உம்மா.

"பயறு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா.