அரைக்கம்பம்

“திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையிலயே போடுக்கா, நான் சொல்றதை—”

“நீ சொல்றது இருக்கட்டும், முதல்ல வழிய விடு—”

“மருந்து மயக்கத்துல அவரு என்னமோ உளறியிருக்காரு, நீ அதைப் பெருசா—”

“உளறல டுவைட். தள்ளு. கை விட்டுப்போகுது.”

லோர்னா அந்த மர நாற்காலியை வயிற்றோடு அணைத்தபடி பின்வாசலில் நின்றாள். மூன்று வருடத் தூசியும் வைக்கோல் துணுக்குகளும் அவள் ஸ்வெட்டர் முழுக்க அப்பியிருந்தன. தம்பி டுவைட் தொப்பியைக்கூடக் கழற்றாமல், நிலையில் கையை ஊன்றி மறித்துக்கொண்டிருந்தான்.

“என்னதான் சொன்னாரு அப்பா? அவரு சொன்ன மாதிரியே சொல்லு.”

“‘மார்லியோட நாற்காலியக் கொண்டாந்து எம் பக்கத்துல போடு’ன்னாரு.”

“பேரைச் சொன்னாரா?”

“பேரைச் சொல்லித்தான்.”

டுவைட்டின் கை நிலையிலிருந்து இறங்கியது. மார்லி அவன் மகள். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதில்லை. பெற்றவனும்தான்.

அந்த வீட்டில் நன்றி நாள் விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வான்கோழியில் கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து, சன்னல் வழியாக முற்றத்துத் தேசியக் கொடியைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்வார்கள். ஆரம்பித்து வைத்தவள் லோர்னாவின் அம்மா இல்சே. அப்பா ஆர்லிஸ் ராணுவத்தில் இருந்தபோது ஜெர்மனியில் பார்த்துப் பிடித்துப்போன பெண். குடியேற்றக் காகிதங்கள் சரியாகும் வரை அவள் அங்கேயும் அவர் கான்சாஸிலுமாக இரண்டு குளிர்காலம் காத்துக் கிடந்தார்கள். பின்னால் அவள் குடியுரிமைப் பிரமாணம் எடுத்த வாரத்தில்தான் ஆர்லிஸ் முற்றத்தில் குழி தோண்டி அந்தக் கம்பத்தை நட்டார். இல்சே போன பிறகும் தினம் காலையில் கொடியை ஏற்றினார், பொழுது சாய இறக்கினார். மழை படக் கூடாது, இருட்டு படக் கூடாது, மண் படவே கூடாது.

மூன்று வருடத்துக்கு முந்தைய விருந்தில் மார்லி எழுந்திருக்கவில்லை. அரிசோனாவில், எல்லை தாண்டி வருகிறவர்களுக்காகப் பாலைவனத்தில் தண்ணீர் கேன் வைத்துவிட்டு வருகிற ஒரு கூட்டத்தோடு அவள் அப்போது சேர்ந்திருந்தாள்.

“தண்ணி குடுக்காதேன்னு நான் சொல்லலையே,” என்றார் ஆர்லிஸ். “வாசல் வழியா வரச் சொல்லுன்னுதான் சொல்றேன். வேலி இல்லாத நிலத்துக்குப் பேரு என்ன? புறம்போக்கு.”

“பாட்டியும் வெளியில இருந்து வந்தவங்கதானே தாத்தா?”

“அவ கதவத் தட்டிட்டு வந்தா. திறக்கற வரைக்கும் வெளியில நின்னா.”

“பாட்டி இருந்திருந்தா இன்னிக்கு உங்களப் பாத்துக் கூசிப்போயிருப்பாங்க.”

மார்லி ரொட்டி எடுக்க எழுந்த நேரம் பார்த்து, ஆர்லிஸ் அவளுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தார். “நிக்கறவங்களுக்குத்தான் இங்க உக்கார இடம்,” என்றார். வான்கோழி ஆறுவதற்குள் மார்லியின் கார் கிளம்பிப் போயிருந்தது.

“எங்க வந்துக்கிட்டிருக்காளாம்?” என்று டுவைட் இப்போது கேட்டான், சுவரைப் பார்த்து.

“நான் கூப்பிட்டதும் கெளம்பிட்டா. இப்ப ஓக்லஹோமா வந்துட்டாளாம். இருட்டறதுக்குள்ள வந்துடுவா.”

“நான் அவகூடப் பேசமாட்டேன்.”

“பேச வேணாம். காபி போட்டுக் குடு.”

“நான் வரி கட்றேன், சட்டத்துக்குப் பயந்து நடக்கறேன். அவ வேலி தாண்டறவனுக்குத் தண்ணி வெச்சுட்டு, என்னைய மனசாட்சி இல்லாதவன்னு சொல்லுவா. அதையும் கேட்டுக்கிட்டு நான் காபி போடணும். உனக்குக் கோவமே வரலியாக்கா?”

“நீ ஓட்டுப் போட்ட ஆளுக்குத்தாண்டா நானும் போட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன? பிள்ளை வருது. வழிய விடு.”

முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தது. மூக்கில் குழாயோடு ஆர்லிஸ் தலையணைகளில் சாய்ந்திருந்தார். காலையில் வந்துபோன நர்ஸ் லோர்னாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தாள். சொல்லாமலே அவருக்கும் தெரிந்திருந்தது. எப்போதும் ஓடுகிற செய்தித் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டார். “அவங்க சண்டைய அவங்க போடட்டும். எனக்கு நேரமில்ல.”

லோர்னா நாற்காலியைக் கட்டிலருகே வைத்தாள்.

“தொடைச்சியா?”

“தொடைச்சேம்பா.”

“ஒரு காலு ஆடும் அதுல. அட்டைய மடிச்சு அடியில வை. அவ விழுந்து தொலைச்சா, அதுக்கும் நாந்தான் காரணம்னு சொல்லுவா.”

அவள் பிஸ்கட் டப்பாவின் அட்டையைக் கிழித்து மடித்து வைத்தாள். அவர் கையை நீட்டி நாற்காலியின் முதுகைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“மழையா?” என்றார் சற்று நேரம் கழித்து.

“தூறுது. விழற இடத்துலயே உறையுது.”

“அப்ப கொடிய எறக்கு.”

முற்றத்துப் புல் காலடியில் கண்ணாடி போல நொறுங்கியது. லோர்னா கம்பத்தில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். கயிறு பனிக்கட்டி பூசி விறைத்திருந்தது. கொடி இரண்டு மூன்று இழுப்புக்கு இறங்கி வந்தது. பிறகு உச்சியில் கப்பி ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான். கீழே இழுத்தாலும் வரவில்லை, மேலே ஏற்றப் பார்த்தாலும் போகவில்லை. சரியாகக் கம்பத்தின் நடுவில் நின்றுகொண்டது.

டுவைட் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தான். நாலாவது படியிலேயே பூட்ஸ் வழுக்கி, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான்.

“அறுத்துடவாக்கா?”

“அறுத்தா தரையில விழுமே.”

“நீ கீழ நின்னு பிடிச்சுக்க.”

“இந்தக் காத்துலயா? அவரு பாத்துக்கிட்டிருக்காருடா.”

இருவரும் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தலை ஒன்று தெரிந்தது. கயிற்றை இருந்தபடியே கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்.

“யாரு செத்தது?” என்றார் ஆர்லிஸ்.

“யாரும் சாகலப்பா. கயிறு சிக்கிக்கிச்சு.”

“கவர்னர் ஏதாவது உத்தரவு போட்டானா?”

“இல்லப்பா.”

“போட்டாலும் அரைக்கம்பத்துக்கு எறக்காதே. அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு ஆளு சாகறான்.”

அதில் அவர் பிடிவாதக்காரர் என்பது ஊருக்கே தெரியும். தபால் நிலையத்தில் இறக்கினாலும் இவர் இறக்க மாட்டார். அந்தக் கம்பத்தில் கொடி பாதியில் நின்றது இரண்டே முறை. போருக்குப் போன ஊர்ப் பையன் பெட்டியில் வந்தபோது ஒரு முறை. இல்சேக்கு ஒரு முறை.

கொஞ்ச நேரத்தில் முன்கதவு தட்டப்பட்டது. அடுத்த பண்ணை வில்மா. ஈரத் தலைமுண்டும், வெள்ளித்தாள் மூடிய பெரிய தட்டுமாக நின்றவள், லோர்னாவைப் பார்த்ததும் தட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“எப்பம்மா போனாரு?”

“யாரு?”

“வில்மாவா?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. “நான் இன்னும் போகல. என்ன, உருளைக்கிழங்கா?”

வில்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

“பன்றித்தொடையும் போட்டிருக்கேன் ஆர்லிஸ்,” என்றாள் மெல்ல.

“தட்ட வெச்சுட்டுப் போ. நாளைக்கு மறுபடி அலைய வேணாம்.”

டுவைட் சிரித்துவிட்டான். வில்மா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். “நான் என்ன செய்வேன்? உங்களுக்குச் சாப்பாடு குடுக்கலாம்னு வந்தேன், நெடுஞ்சாலையில திரும்பும்போதே கொடி கண்ணுல பட்டுச்சு. ஊர்ல யாரு பாத்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க.”

தட்டை அடுப்புமேல் வைக்கப்போன லோர்னாவின் கை அப்படியே நின்றது. சுற்றிலும் அறுவடை முடிந்த கோதுமை நிலம். மரம் கிடையாது, மேடு கிடையாது. தெற்கிலிருந்து காரில் வருகிற யாருக்கும் இந்த வீட்டில் முதலில் தெரிவது அந்தக் கம்பம்தான்.

அவள் செல்போனை எடுத்து மார்லியைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. பதிவுக் குரல் வந்தது.

“மார்லி, அத்தை பேசறேன். தாத்தா இருக்காரும்மா. நல்லாப் பேசறாரு. கொடியப் பாத்துட்டு எதுவும் நெனச்சுக்காதே. கயிறு சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். நேரா வா.”

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பதிவுக் குரல். “உன்னத்தான் கேக்கறாரு. சீக்கிரம் வாம்மா.” வில்மா போன பிறகும் கூப்பிட்டாள்.

“சார்ஜ் போயிருக்கும்,” என்றான் டுவைட்.

“மதியம் பேசினாளேடா. அணைச்சு வெச்சிருக்கா.”

டுவைட் ஆணியிலிருந்து லாரிச் சாவியை எடுத்தான். “ரோட்டு முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

“பேசமாட்டேன்னியே.”

“பேசவா போறேன்? பாத்துட்டுத்தான் வரப் போறேன்.”

லாரி சக்கரம் வழுக்கிச் சுழன்று, பிடித்துக்கொண்டு, சாலையில் ஏறும் சத்தம் கேட்டது. லோர்னா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். நாற்காலி எதிரே காலியாக இருந்தது.

“அவ வண்டியா?” என்றார் ஆர்லிஸ்.

“டுவைட் லாரிப்பா.”

“அவ?”

“வந்துக்கிட்டே இருக்கா.”

அவர் மூச்சுக்கு நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் லோர்னா சாலையைப் பார்த்தாள், பிறகு அவர் மார்பைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடலாம், ஓடினால் அவர் தனியாக இருப்பார். உட்கார்ந்திருக்கலாம், சாலையில் யாரும் நிற்க மாட்டார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சன்னல் கண்ணாடி மாதிரி குளிர்ந்திருந்தன.

“லோர்னா.”

“சொல்லுங்கப்பா.”

“அவள எழுந்து நிக்கச் சொல்லாதே.”

“யாரும் சொல்லலப்பா.”

“தூரத்துல இருந்து வர்றா. உக்காரட்டும்.”

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. கண் மட்டும் சன்னலிலேயே இருந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கொடி இப்போது அசையவில்லை; பனி பூசி, பலகை போல விறைத்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த லோர்னா, அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பது தான் மட்டும்தான் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள். கையை விடாமல் அப்படியே இருந்தாள். ஆக்ஸிஜன் இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டுவைட் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. “ஒரு வண்டியையும் காணோம். நெடுஞ்சாலைல ரெண்டு பக்கமும்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அறை வாசலில் நின்றான். லோர்னா இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அவரு தனியா இல்லல்ல?”

“நான் இருந்தேன்.”

அவன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கார் விளக்கின் வெளிச்சம் அறைக் கூரையில் ஊர்ந்து போனது அதற்கப்புறம்தான். மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்த வண்டி. மார்லி கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்தாள். கோட்டின் முழங்கால் பக்கம் ஈர மண் அப்பியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். டுவைட் தொப்பியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையை மகளின் தோளில் வைத்தான். அவள் அதைத் தட்டிவிடவில்லை.

கட்டிலருகே வந்ததும் நாற்காலியைப் பார்த்தாள். அதன் காலடியில் மடித்து வைத்த அட்டையையும் பார்த்தாள்.

“உக்காரும்மா,” என்றாள் லோர்னா.

“வேணாம் அத்தை. நிக்கறேன்.”

கட்டிலின் பக்கத்தில் நேராக நின்றாள். தாத்தாவின் தலைமுடியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டாள். கூரையிலிருந்து பனிக்கட்டி ஒன்று உடைந்து விழுந்தது.

“பாட்டிகிட்ட இருந்தேன்,” என்றாள் மார்லி. “நெடுஞ்சாலையில இருந்தே கொடியப் பாத்துட்டேன். இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. நேரா இங்க வரத் தெம்பில்ல. வண்டியத் திருப்பிக் கல்லறைக்குப் போயிட்டேன். யாரும் வாயால சொல்லிக் கேக்க வேணாம்னு போனையும் அணைச்சுட்டேன்.”

கோட்டுப் பையிலிருந்து அந்தப் போனை எடுத்தாள். திரை இருட்டாக இருந்தது. அதைக் காலி நாற்காலியின் மேல் வைத்தாள். லோர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவைட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எப்படியும் நான் அந்த ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு, இல்லையா அத்தை?”