சுடாத தரை

வலது காலுக்கான துணிச்செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பிணத்துக்கு உடுத்துகிறவர் தயங்கி நின்றார். சணல்துணி ஆடையை எல்லாம் கட்டி முடித்தாயிற்று. இறந்துபோன மான்சுவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"பஞ்சு திணிச்சு கால் மாதிரி கட்டிரலாம். பாக்க நல்லா இருக்கும்," என்றார்.

"வேணாங்க," என்றாள் மகள் ஹேரான். "செருப்ப பக்கத்துல வைங்க, போதும்."

மான்சுவின் தம்பி தால்சு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவர்தான் காரியத்துக்கு முன்னால் நிற்கவேண்டியிருந்தது. கோட்டுக் கையில் துக்கத்துக்கான சணல்பட்டை கட்டியிருந்தார்கள். "கடைசியா ஒருதரம் தொட்டுக்குங்க," என்று உடுத்துகிறவர் சொன்னபோது அண்ணனின் நெற்றியைத் தொட்டார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் மொக்போ துறைமுகத்தில் மீன் விற்ற கைக்கு அந்தக் குளிர் புதிதில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே இறுதி மண்டபம். வந்தவர்கள் மான்சுவின் படத்துக்கு முன் விழுந்து வணங்கிவிட்டு, மாட்டிறைச்சிக் காரக்குழம்பும் சோறும் சாப்பிட உட்கார்ந்தார்கள். படகு எஞ்சின் பழுதுபார்க்க மான்சுவை விட்டால் ஆளில்லை என்றார் ஒருவர். அறுபத்தாறு ஒரு வயசா என்றார் இன்னொருவர். தால்சு மூலையில் மெத்தை போட்டு உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றியபடி மூன்றாவது கோப்பை, சர்க்கரை கலந்த மிக்ஸ் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மீன் சந்தைக்கு வந்த மருத்துவ முகாமில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில்தான் சர்க்கரை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இப்போதே கட்டுக்குள் வைத்தால் கண்ணும் காலும் சிறுநீரகமும் தப்பும் என்று அங்கிருந்த டாக்டர் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். அண்ணன் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார், ஒரு வருஷம். மாத்திரையை விட்டுவிட்ட தால்சுதான் மலையடிவாரத்து நாட்டுவைத்தியக் கிழவனிடமிருந்து வேர்க் கஷாயம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "வலியா இருக்கு? எரியுதா? ஒண்ணுமில்லல்ல? அப்புறம் எதுக்குண்ணே மாத்திர?" அண்ணன் நம்பினார். பிறகு கண், பிறகு கட்டைவிரல், பிறகு கால். கடைசி இரண்டு வருஷம் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் படுத்தார். ஒருநாளும் தம்பியைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஹேரான் குழம்புத் தட்டோடு வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். உடனே துள்ளி எழுந்தாள்.

"ஐயோ! தரை என்ன இப்படிக் கொதிக்குது! எப்படி சித்தப்பா இங்க உக்காந்திருக்கீங்க?"

"கொதிக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கைய வச்சுப் பாருங்க."

வைத்தார். சுரீரென்றது. தரையைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாய் அந்த மூலையில்தான் தரைக்குள் இறங்குகிறது போலும். சுற்றியிருந்தவர்கள் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தார்கள். அவர் அங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் இருக்கும்.

ஹேரான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருடைய காலுறையை உருவினாள். குதிகாலில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளா மரத்துப் போயிருக்கு?"

"மரத்தெல்லாம் போகலம்மா." பிறகு, "போன குளிர்ல, சந்தையிலேருந்து ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்துட்டேன். இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னே தெரியல. உங்க அப்பாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சேன்."

"அவர் சிரிச்சாரா?"

தால்சு யோசித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போடா என்றுதான் சொன்னார்.

"எழுந்திரிங்க. மேல டாக்டர்கிட்ட போகலாம்."

"இப்பவா? ஆளுங்க வர்ற நேரம்டி. நான் முன்னால நிக்கணும்."

"அப்பா எங்கயும் போயிட மாட்டார். நீங்க வாங்க." அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னொரு தரம் என்னால இதெல்லாம் முடியாது சித்தப்பா."

மண்டபச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி லிஃப்ட்டில் ஏறினார். மேல்தளத்தில் காவலாளி அவருடைய கறுப்பு உடுப்பைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஓடிவந்தார்.

"ஐயா, வழி மாறி வந்துட்டீங்க. இறுதி மண்டபம் கீழ்த்தளம்."

"தெரியும்ப்பா. அங்கேருந்துதான் வர்றேன்."

நர்ஸ் இளவயதுப் பெண். கொப்புளத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் மருந்து வைத்துக் கட்டினாள். விரலில் குத்தி ஒரு துளி எடுத்தாள். முந்நூற்று எண்பத்திநாலு என்று கருவி காட்டியது. அவள் தாளை இழுத்து, தலை நிமிராமல் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே எழுதினாள்.

"மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?"

"இல்ல."

"சர்க்கரைன்னு தெரிஞ்சு எத்தன வருஷம்?"

"பன்னெண்டு."

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க அண்ணனுக்கு."

"அவர் எப்படி இருக்கார்? கட்டுப்பாட்டுல வச்சிருக்காரா?"

நர்ஸ் நிமிர்ந்தாள். அவருடைய கோட்டுக் கையிலிருந்த சணல்பட்டையைப் பார்த்தாள். பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.

தால்சு மற்றொரு காலின் உறையையும் தானே கழற்றத் தொடங்கினார்.