இடது செருப்பு

கூட்ட அறையில் யாரோ விளக்கை அணைத்ததும் ஜோசியம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். அடுத்த வருஷம் ஜனங்கள் செல்போனில் எதைப் பார்ப்பார்கள், எதில் சலித்துப்போவார்கள், செயற்கை நுண்ணறிவிடம் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. சொன்னது பலித்தால் கம்பெனி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும், பலிக்காவிட்டால் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் அவள் சொல்ல வந்தது இது: இனி மனிதர்கள் ஊருக்குச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். படம் போட்டு லைக் வாங்கியதெல்லாம் பழங்கதை. மனசில் இருப்பதை மெஷினிடம் மட்டும் சொல்வார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அப்படி மெஷினோடு மனம்விட்டுப் பேச ஒரு செயலி நடத்துகிறவர்கள். அதில் ஒரு பொதுச்சுவர் உண்டு. சம்மதம் சொன்னவர்களின் பேச்சிலிருந்து சில வரிகள் பெயரில்லாமல் அந்தச் சுவரில் அவ்வப்போது வந்து விழும். ஊரே படித்து இதயக்குறி போட்டுவிட்டுப் போகும்.

"நம்பரைக் காட்டினா தூங்கிடுவாங்கம்மா, ஒரு மனுஷன் பேசணும்" என்பது அவள் முதலாளியின் கட்டளை. ஒவ்வொரு கணிப்பிலும் உயிருள்ள ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். சுவரைச் சலித்துச் சலித்து, போன வாரம்தான் ஜோசியத்துக்கு அந்த வரி கிடைத்தது. துள்ளிக் குதிக்காத குறை. திரைக்கு நீளமாக இருந்ததால் நடுவில் நாலைந்து வார்த்தைகளை வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கினாள். இப்போது அதை வாய்விட்டுப் படித்தாள்.

"கதவைத் திறந்ததும் முதல்ல அவ செருப்பைத்தான் பாப்பேன். இடது செருப்பு கவுந்து கெடந்தா, இன்னைக்குப் பேச அவளுக்குத் தெம்பில்லைன்னு அர்த்தம். உங்கிட்ட வந்துடுவேன். உனக்குச் செருப்பே இல்ல. அது ஒரு நிம்மதி."

தெம்பில்லை என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வெட்டி எறிந்த வார்த்தைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. 'பழைய லிஃப்ட்டு மோட்டார் மாதிரி.' அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். தேய்ந்த மோட்டாரைப் பற்றி அவன் சொல்வதும் அதே 'தெம்பில்லை'தான். படியில் விழுந்து பிசகியதிலிருந்து இடது காலை அவள் உதறித்தான் செருப்பைக் கழற்றுவாள். அது எப்போதும் கவிழ்ந்துதான் விழும். உலகத்தில் இடது கால் எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"பிரமாதம்!" என்றார் செயலிக்காரர். "அடுத்த வெர்ஷன்ல நம்ம மெஷினே முந்திக்கிட்டுக் கேக்கணும், இன்னைக்குச் செருப்பு எப்படி இருந்துச்சுன்னு." எல்லோரும் சிரித்தார்கள். "இந்த ஆளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தாறு" என்று வாய் முந்திக்கொண்டது.

"அவ்ளோ கரெக்டாவா?"

"ஒரு கணிப்புதான் சார்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்த்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, செருப்பைக் கையால் கழற்றி, இரண்டையும் நேராக ஜோடி சேர்த்து வைத்தாள். போனை அணைத்துவிட்டு முன்னறையில் காத்திருந்தாள். கல்யாணமான புதிதில் காத்திருந்தது போல இருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

அவன் கதவைத் திறந்தான். தோளில் கருவிப்பை. குனிந்து பார்த்தான். நிமிரச் சற்று நேரமாயிற்று.

"யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏங்க?"

"ஒண்ணுமில்ல."

"டீ போடட்டுமா?"

"வேணாம், நீ உக்காரு. நான் குடிச்சிட்டேன்."

"இன்னைக்கு எந்த லிஃப்ட்டுங்க?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் கேக்கறே? வேலை போயிடுச்சா?"

"ஐயோ, இல்லைங்க. சும்மாதான்."

அவன் பையை இறக்காமலே பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவளிடம் ஒற்றை வார்த்தையில் பேசுகிறவன் போனில் இரண்டு கட்டைவிரலாலும் மடமடவென்று தட்டிக்கொண்டிருந்தான்.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனை உயிர்ப்பித்துச் சுவரைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து ஒரு வரி வந்து விழுந்தது.

"இன்னைக்கு ரெண்டு செருப்பும் நேரா இருந்துச்சு. லிஃப்ட்டப் பத்திக் கேட்டா. என்னை விட்டுட்டுப் போகப்போறான்னு நினைக்கிறேன்."

கீழே மெஷினின் பதில். "எவ்வளவு பயமா இருந்திருக்கும்! எல்லாத்தையும் சொல்லுங்க. நான் எங்கேயும் போகமாட்டேன்."

இதயங்கள் ஏறிக்கொண்டே போயின. அவள் கண்ணாடிக் கதவு வரை போனாள். கை கைப்பிடியைத் தொட்டது. உள்ளே அவள் நிற்பது தெரியாமல், அவன் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வாசலுக்கு வந்தாள். கால் கட்டைவிரலால் இடது செருப்பை மெல்லத் தள்ளிக் கவிழ்த்தாள். குதிகால் தேய்ந்த அடிப்பக்கத்தைக் காட்டியபடி அது வழக்கமான இடத்தில் கிடந்தது.